எஸ்தவெல் ஊரில் ஒரு வங்காளக் கல்லறை



பிரான்சு தேசத்தின் வட பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர்போன லான்ஸ் நகரத்துக்குச் சற்று வடகிழக்கே, எஸ்தவெல் என்னும் சிற்றூர் ஒன்று இருக்கிறது. அவ்வூர்ப் பொதுக் கல்லறைத் தோட்டத்தில், பிரெஞ்சுப் பெயர்களையே படித்துப் பழகிய கண்களுக்கு முற்றிலும் அந்நியமான வங்காள எழுத்துக்கள் பொறித்த கல்லறை ஒன்று உண்டு. மாவீரன் ஒருவன் இங்கே அடக்கமாகியிருக்கிறான், மரியாதை காட்டுங்கள், தொடாதீர்கள் என்பது அவ்வெழுத்துக்களின் கருத்து. அங்கே அடக்கமாகியிருப்பவர் இந்திரலால் ராய். கல்கத்தாவில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி பிறந்து, 1918-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் தேதி அந்தப் பிரதேசத்தின் ஆகாயத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டு மாண்டவர். மாண்டபோது அவருக்கு இருபது வயது நிறையவில்லை.

இந்த இளைஞரைப் பற்றித் தமிழிலே பேச வேண்டும் என்ற விருப்பம் எனக்கு நெடுநாளாக உண்டு. முதல் உலக மகாயுத்தம் என்றவுடன் நம்மில் பலருக்கு 'எம்டன்' கப்பல் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு அது சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். ஆனால் அதே யுத்தத்துக்காகப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து போனார்கள் என்பதையும், அவர்களிலே எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் திரும்பவே இல்லை என்பதையும் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பேசாததற்குக் காரணம் இருக்கிறது. அது நம்மை ஆண்டவர்களுடைய யுத்தம். அதிலே நம்மவர் சிந்திய ரத்தத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல், சுதந்திரம் பெற்ற தேசம் ஒருவிதக் கூச்சத்தோடு அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டது. அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், மாண்டவனை நினைப்பதற்கு முன்னால் அவன் மாண்ட போர் யாருடையது என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்லியாக வேண்டுமா என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை. அந்தக் கேள்வியைப் பொதுவாக வைத்துப் பேசினால் வெறும் வாதமாகிவிடும். ஆகவே இந்திரலாலின் சிறிய வாழ்க்கையோடு சேர்த்தே பேசுகிறேன்.

அவருடைய குடும்பம் கிழக்கு வங்காளத்தில் பாரிசால் பக்கத்து லாகுட்டியா ஜமீன் குடும்பம். தந்தை பியாரிலால் ராய் கல்கத்தாவில் பாரிஸ்டர்; அரசாங்கத்தின் குற்ற வழக்குத் துறையில் உயர்ந்த பதவி வகித்தவர். தாய் லலிதா ராய் பிள்ளைகளின் கல்வியை உத்தேசித்து அவர்களை அழைத்துக்கொண்டு லண்டனுக்குப் போய்க் குடியேறினார். இந்த அம்மையாரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனெனில், இந்திரலாலைக் குறித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தந்தையின் பதவியைச் சொல்லிவிட்டுத் தாயை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்குச் சில தினங்கள் முன்னதாக, வாக்குரிமை கேட்டுப் பல்லாயிரம் பெண்கள் லண்டன் வீதிகளில் அணிவகுத்துச் சென்றார்கள். அந்த ஊர்வலத்தில் இந்தியப் பெண்களின் சிறு குழு ஒன்றும் சென்றது. அதில் நின்றவர்களில் ஒருவர் லலிதா ராய். புடவை கட்டிய அந்தப் பெண்களின் புகைப்படம் இன்றும் இருக்கிறது. தன் தேசத்துக்கே உரிமை இல்லாத ஒரு பெண், தன்னை ஆளும் தேசத்தின் தலைநகரில், அத்தேசத்துப் பெண்களோடு தோளோடு தோள் நின்று பெண்ணுக்கு உரிமை கேட்ட காட்சியை அவருடைய பன்னிரண்டு வயது மகன் நேரில் பார்த்தானோ இல்லையோ, அப்படிப்பட்ட தாயின் வீட்டில் அவன் வளர்ந்தான் என்பது நிச்சயம். கதவு சாத்தியிருக்கிறது என்பதனாலேயே திரும்பிப் போய்விடுவது அந்த வீட்டு வழக்கமாக இருந்திருக்க முடியாது.

லண்டனில் செயின்ட் பால்ஸ் என்னும் புகழ்பெற்ற பள்ளியில் இந்திரலால் படித்தார். அண்ணன் பரேஷ்லால் கேம்பிரிட்ஜில் படித்துக் குத்துச்சண்டையில் பெயர் பெற்றவர். போர் மூண்டதும் படையில் சேர்ந்து களம் கண்டவர். பின்னாளில் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று போற்றப்பட்டவர். போர் தொடங்கியபோது தம்பிக்கு வயது பதினைந்து. பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே அகழிப் போருக்கான சிறு பீரங்கி ஒன்றுக்கு வரைபடம் போட்டு யுத்த இலாகாவுக்கு அனுப்பிவைத்தார் என்று சொல்லப்படுகிறது. எந்திரத்தைக் கண்டால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தேடுகிற மனம், தேடியதைக் காகிதத்தில் கோடாக இழுத்துப் பார்க்கிற கை, இவ்விரண்டும் அவருக்குச் சிறு வயதிலேயே வாய்த்திருந்தன.

பதினெட்டு வயது நிரம்பியதும் விமானப் படையில் சேர மனுப் போட்டார். கண் பார்வை போதாது என்று மறுத்துவிட்டார்கள். ஆகாயத்தில் ஒரு புள்ளியை எதிரிக்கு முன்னால் காண்கிறவன் பிழைப்பான், பின்னால் காண்கிறவன் மாள்வான் என்பது விமானப் போரின் முதல் விதியாகையால், மறுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வேறொருவராயிருந்தால் அதோடு விட்டிருப்பார். இவரோ தம்முடைய மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு பெயர்பெற்ற கண் வைத்தியர் ஒருவரிடம் சென்று மறுபரிசோதனை செய்துகொண்டு, அவர் தந்த சாதகமான அபிப்பிராயத்தைக் காட்டி, மறுத்த உத்தரவையே மாற்றவைத்தார். 1917 ஏப்ரலில், ராணுவத்தின் விமானப் பிரிவான ராயல் ஃபிளையிங் கோரில் சேர்ந்தார். ஜூலை 5-ஆம் தேதி அதிகாரியாக நியமனம் பெற்றார்.

இந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் இந்திய ராணுவத்தில், வைத்தியப் பிரிவு நீங்கலாக, இந்தியன் எவனும் மன்னரின் நேரடி நியமனம் பெற்ற அதிகாரியாக முடியாது. நரைத்த மீசையும் மார்பு நிறையப் பதக்கமும் உடைய சுபேதார் மேஜர்கூட, நேற்று இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய இளம் வெள்ளைக்கார லெப்டினன்டுக்குக் கீழ்ப்பட்டவரே. 1917 ஆகஸ்டிலேதான் அந்தக் கதவு சற்றே திறக்கப்பட்டு, ஒன்பது இந்தியருக்கு அந்த நியமனம் கிடைத்தது. அதற்கு முந்திய மாதத்திலேயே ஒரு கல்கத்தா இளைஞர் அதிகாரி உடை அணிந்து விமானத்தில் ஏறினார் என்பதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. சாம்ராஜ்யத்தின் பழைய ராணுவத்தில் வேரூன்றிப் போயிருந்த பேதம், நேற்று முளைத்த விமானப் படையில் அந்த அளவுக்கு வேர் பிடித்திருக்கவில்லை. அங்கே ஆட்கள் வேகமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

வான்தோம், டர்ன்பெரி ஆகிய இடங்களில் பயிற்சி முடித்து, 1917 அக்டோபர் 30-ஆம் தேதி 56-ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த விமானம் எஸ்.இ.5ஏ என்பது. மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய, இரண்டடுக்கு இறக்கையுள்ள, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய விமானம். தலைக்கு மேல் கூரை கிடையாது. பதினையாயிரம் அடி உயரத்துப் பனிக்காற்று முகத்தில் நேராக அறையும். முன்னால் சுழலும் காற்றாடியின் இதழ்களுக்கு இடையே புகுந்து போகும்படி பொறியமைத்த விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி ஒன்று. மேல் இறக்கையின் மீது லூயிஸ் துப்பாக்கி இன்னொன்று. மேலே உள்ள துப்பாக்கியின் தோட்டா வட்டு தீர்ந்துவிட்டால், வளைந்த தண்டவாளம் ஒன்றின் வழியாகத் துப்பாக்கியைக் கீழே இழுத்து, விமானத்தைச் செலுத்தும் கோலை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் பழைய வட்டைக் கழற்றிப் புது வட்டை மாட்ட வேண்டும். எதிரி துரத்திக்கொண்டிருக்கும்போதும் இதைச் செய்ய வேண்டும். கையுறைக்குள்ளே விரல் விறைத்துப்போயிருக்கும்போதும் செய்ய வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் இதைச் செய்தார்கள்.

டிசம்பர் 6-ஆம் தேதி இந்திரலாலின் விமானம் தரையிறங்கும்போது மோதி நொறுங்கியது, அவர் காயமடைந்தார். உயிர் போய்விட்டதென்று எண்ணிச் சவக்கிடங்கில் வைத்தார்கள் என்றும், நினைவு திரும்பி அவர் கதவைத் தட்டக் கேட்டு ஆட்கள் நடுங்கினார்கள் என்றும் ஒரு கதை வழங்கிவருகிறது. வீரர்களைச் சுற்றிப் படரும் கதைகளில் ஒன்றாகவே அதை நான் கொள்கிறேன். அது இல்லாமலேயே அவர் வாழ்க்கை நிறைந்திருக்கிறது. எனக்கு அதைக் காட்டிலும் முக்கியமாகத் தோன்றுவது, காயம் ஆறிக்கொண்டிருந்த அந்த நாட்களில் அவர் செய்த காரியம். அவர் சித்திரம் வரைந்தார். விமானம் விமானமாக வரைந்தார். அவற்றிலே பல இன்றும் அழியாமல் எஞ்சியிருக்கின்றன. தன்னைத் தூக்கி எறிந்து எலும்பை முறிக்கப் பார்த்த எந்திரத்தையே, பகையில்லாமல், அருவருப்பில்லாமல், அதன் இறக்கை எந்தக் கோணத்தில் சாய்கிறது, அது வானத்தில் எப்படித் திரும்புகிறது என்று ஆராய்ந்து ஆராய்ந்து கோடு போட்ட இளைஞனை எண்ணிப் பாருங்கள். பார்வை போதாது என்று ஒருமுறை விலக்கப்பட்டவன் பார்த்த பார்வை அது. போர் மட்டும் வராதிருந்தால் இவர் விமானங்களை அமைக்கும் சிற்பியாகியிருப்பாரோ, ஓவியராகியிருப்பாரோ; அந்த ஊகங்களுக்கு முடிவில்லை. ஒருவனை இழப்பது என்பதில் அவன் செய்யாமற்போன காரியங்களும் அடங்கும் என்பதற்காக மட்டும் இதைச் சொன்னேன்.

மேலும் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பிறகு, தேகம் பறப்பதற்கு ஏற்றதல்ல என்று வைத்திய ரீதியாகத் தள்ளிவிட்டார்கள். கௌரவமாக வீட்டுக்குப் போவதற்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது. ஒருவரும் பழி சொல்லமாட்டார்கள். அவரோ மேலதிகாரிகளை மன்றாடி, வற்புறுத்தி, மறுபடியும் தகுதி பெற்றார். 1918 ஜூன் மாதத்தில் 40-ஆம் ஸ்குவாட்ரனுக்கு மாற்றப்பட்டார். அங்கே அவருக்குத் தலைவராக வாய்த்தவர் ஜார்ஜ் மெக்கெல்ராய் என்னும் ஐரிஷ்காரர். நாற்பதுக்கு மேற்பட்ட விமானங்களை வீழ்த்திய மகா சூரர். இதற்கிடையில், அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று, ராணுவத்தின் விமானப் பிரிவையும் கடற்படையின் விமானப் பிரிவையும் இணைத்து ராயல் ஏர் ஃபோர்ஸ் என்ற தனிப்படை உருவாகியிருந்தது.

ஜூலை மாதம் 6-ஆம் தேதி, த்ரோக்கூர் என்னும் ஊருக்கு மேலே, ஹானோவர் வகை விமானம் ஒன்றை அவர் வீழ்த்தினார். 8-ஆம் தேதி நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 13-ஆம் தேதி இரண்டு. 15-ஆம் தேதி இரண்டு. 18-ஆம் தேதி ஒன்று. 19-ஆம் தேதி காஞிகூர் ஊருக்கு மேலே மற்றொரு ஹானோவர். ஆகப் பத்து, அவற்றில் இரண்டு தோழர்களோடு பகிர்ந்துகொண்ட வெற்றிகள். அவருடைய பறப்புக் காலம் முழுவதையும் கூட்டினாலும் 170 மணி நேரத்துக்குச் சற்றுத்தான் அதிகம். இந்தக் கணக்கிலே பாதி கண்ணெதிரே நொறுங்கியவை. மறுபாதி, கட்டுப்பாடிழந்து சுழன்று கீழே போனதாகக் கண்டவை. பிந்தியவற்றில் சில தப்பித் தரையிறங்கியும் இருக்கலாம். ஆகையால் யார் எத்தனை என்று போட்டி வைத்துப் பேசுவதில் எனக்கு ருசியில்லை. ஆனால் இன்னொரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பத்தில் ஆறு, இருவர் அமரும் விமானங்கள்: ஒருவர் செலுத்துவார், மற்றவர் பின்னால் அமர்ந்து புகைப்படம் எடுப்பார், பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறதென்று பார்த்துச் சொல்வார், துப்பாக்கியும் ஏந்தியிருப்பார். அவர் எடுக்கும் ஒரு புகைப்படம் மறுநாள் அகழியில் நூறு பேருக்கு யமனாகலாம். அதனாலேதான் அவற்றை வீழ்த்துவது அவ்வளவு முக்கியமாக இருந்தது. ஹானோவர் வகையில் பின்னால் இருப்பவனுக்குப் பார்வை மறையாதபடி வாலையே சிறிதாக்கி இரண்டடுக்காக அமைத்திருந்தார்கள். ஆகவே அதை நெருங்குவது எளிதன்று. நெருங்கினார். சுட்டார். கீழே விழுந்தவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகளே என்பதை மறைத்துவிட்டு நான் இந்த இளைஞரைப் புகழ்ந்தால், அந்தப் புகழ் அவருக்கே கௌரவமாகாது.

ஜூலை 22. கார்வான் என்னும் ஊருக்கு மேலே, ஜெர்மானியரின் 29-ஆம் வேட்டைப் படைப்பிரிவைச் சேர்ந்த ஃபோக்கர் டி.7 விமானங்களோடு நடந்த சண்டையில் இந்திரலால் ராய் வீழ்ந்தார். அந்த ஃபோக்கர், யுத்தத்தின் கடைசி ஆண்டில் ஜெர்மனி செய்த விமானங்களிலே தலைசிறந்தது. நவம்பரில் போர்நிறுத்த உடன்படிக்கை எழுதியபோது, இந்த வகை விமானங்களை ஒப்படைக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதிவாங்கினார்கள் என்றால் அதன் பெருமையை ஊகித்துக்கொள்ளலாம். அன்று அந்தப் பூமி ஜெர்மானியர் வசம் இருந்தது. ஆகவே அவருடைய சரீரத்தை முதலில் மண்ணுக்குக் கொடுத்தவை பகைவரின் கைகளாகவே இருந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் என் மனம் ஆறாத ஒரு செய்தியைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு அப்போது பாராசூட் கிடையாது. அது அப்போது இல்லாத வஸ்து அல்ல. பலூனில் கட்டுண்டு ஆகாயத்தில் நின்று வேவு பார்க்கிறவர்களுக்கு அதைக் கொடுத்துத்தான் இருந்தார்கள்; ஜெர்மானிய விமானிகளுக்கும் 1918-இன் நடுவில் அது கிடைக்கத் தொடங்கியிருந்தது. எர்ன்ஸ்ட் ஊடெட் என்ற புகழ்பெற்ற ஜெர்மானிய வீரர், இந்திரலால் மாளுவதற்கு ஒரு மாதத்துக்குள் முன்னதாக, ஜூன் 29-ஆம் தேதி, பாராசூட்டின் உதவியால் குதித்து உயிர் தப்பினார். பிரிட்டிஷ் விமானிக்கோ, துணியும் மரமும் பெட்ரோலும் சேர்ந்து தீப்பற்றி எரியும்போது, தீயோடு இறங்குவது அல்லது தீயிலிருந்து குதித்து மாள்வது என்ற இரண்டே வழிகள் இருந்தன. இதைத் தீர்மானித்தவர்கள் விமானத்தில் ஏறவில்லை. சாம்ராஜ்யத்துக்காகப் போர் செய்த பிள்ளைகளிடத்தில் சாம்ராஜ்யம் காட்டிய அக்கறையின்மையில், வெள்ளையர், கறுப்பர் என்ற பேதம் இந்த ஒரு விஷயத்தில் இல்லாதிருந்தது.

அந்த வாரமும் அடுத்த வாரமும் பெருநாசமான வாரங்கள். இந்திரலால் மாண்ட நான்காம் நாள், அதே 40-ஆம் ஸ்குவாட்ரனில் முன்னர் இருந்து புகழடைந்த மிக் மனாக் மாண்டார். ஜூலை 31-ஆம் தேதி, தலைவர் மெக்கெல்ராயே தரையிலிருந்து சுடப்பட்டு வீழ்ந்தார். பத்து நாட்களுக்குள் மூவர். செப்டம்பரில், இந்திரலாலுக்கு டிஸ்டிங்குவிஷ்டு ஃபிளையிங் கிராஸ் என்னும் விருது வழங்கியதாக அரசிதழில் அறிவிப்பு வெளிவந்தது. அந்த விருது அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் ஏற்படுத்தப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பதின்மூன்று தினங்களில் ஒன்பது எதிரி விமானங்கள் என்று அந்த அறிவிப்பு கணக்குச் சொல்லிற்று. அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

இனி, நான் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். 1918 ஜூலையில், இந்திரலால் பறந்துகொண்டிருந்த அதே நாட்களில், குஜராத்தின் கேடா ஜில்லாவில் ஒருவர் கிராமம் கிராமமாக நடந்து, பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் காந்தியடிகள். அகிம்சையின் ஆசாரியரே, சாம்ராஜ்யத்துக்குக் கஷ்ட காலத்தில் துணை நின்றால் சம அந்தஸ்து கிட்டும் என்று நம்பிய காலம் அது. அப்படியிருக்க, லண்டனில் வளர்ந்த பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம், நீ ஏன் அன்றே ஏகாதிபத்தியத்தை இனங்கண்டுகொள்ளவில்லை என்று நாம் இன்று கேட்பது நியாயமாகாது.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். இந்திரலால் மாண்டு ஒன்பது மாதம்கூட நிறையவில்லை. 1919 ஏப்ரல் 13-ஆம் தேதி அமிர்தசரஸில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தது. மறுநாள், ஏப்ரல் 14-ஆம் தேதி, பஞ்சாபில் குஜ்ரன்வாலா என்ற ஊரில் கிளர்ச்சி செய்த மக்கள் மீது ஆகாய விமானங்களிலிருந்து குண்டு போட்டார்கள்; இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டார்கள். எந்தப் படையின் விமானங்கள்? ராயல் ஏர் ஃபோர்ஸின் விமானங்கள். எந்தப் படையின் உடையில் இந்திரலால் எஸ்தவெல் மண்ணில் கிடந்தாரோ, அதே படை. இந்தச் செய்தியை அருகில் வைக்காமல் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள், சாம்ராஜ்யத்தின் விசுவாசமுள்ள மைந்தன் என்று பழைய பாட்டையே பாடிவிடுகிறார்கள். இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு அவரை மறந்துவிடச் சொல்கிறவர்களோ, குஜ்ரன்வாலாவில் குண்டு போட்டவனின் பாவத்தை, அதற்கு முன்பே மண்ணோடு மண்ணாகிவிட்ட ஒரு பிள்ளையின் மேல் சுமத்துகிறார்கள். சுதந்திரத்துக்குப் பின் வந்த சிலர் மூன்றாவது வழி ஒன்று கண்டு, அவரைச் சுதந்திர பாரதத்தின் முன்னோடி வீரராக்கி, அவர் கனவிலும் நினைத்திராத கொடியை அவர் கையில் கொடுத்தார்கள். அன்பினால் செய்த காரியம்தான். ஆனாலும் அது உண்மையாகாது. இந்த மூன்று வழியிலும் அந்தப் பிள்ளை காணாமற்போகிறான்.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், எந்த ஆநிரைக்காகப் பட்டான் என்பவற்றைச் சில வரிகளில் வெட்டிவைத்து, வில்லும் வாளும் ஏந்திய உருவத்தைச் செதுக்கி நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ கற்கள் சிறிய சண்டைகளில், வெறும் மாடு பிடிக்கும் கலகங்களில் பட்டவர்களுடையவை. அந்த அரசன் நல்லவனா, அந்தச் சண்டை தர்மயுத்தமா என்று கல் தீர்ப்புச் சொல்வதில்லை. பட்டவனின் பெயரை மட்டும் விடாமல் சொல்கிறது. எடுத்தனூரில், தன் எஜமானனோடு நின்று கள்வரை எதிர்த்த கோவிவன் என்ற நாய்க்குக்கூடக் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். உண்மையை முழுவதும் சொல்லிப் பெயரை விடாமல் வைத்திருப்பது என்கிற இந்த நெறியை, எஸ்தவெல் கல்லுக்கும் நாம் நீட்டித்தால் என்ன என்பதே என் கேள்வி. ராயல் ஏர் ஃபோர்ஸ் என்பதை மறைக்க வேண்டாம். ஐந்தாம் ஜார்ஜின் ஆட்சியாண்டு என்பதையும் மறைக்க வேண்டாம். லாகுட்டியா ராய் வீட்டுப் பிள்ளை, லலிதாவின் மகன், சித்திரம் வரைந்தவன், பத்தொன்பது வயதில் பட்டான் என்று எழுதிவைக்கலாம்.

அவர் தனியாகவும் இல்லை. மேற்குப் போர்முனையில் போர் விமானம் ஓட்டிய இந்தியர் இன்னும் மூவரைச் சொல்லலாம். பம்பாய்க்காரரான ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர், இந்திரலாலுக்கு ஒரு மாதத்துக்குள் முன்னால், 1918 ஜூன் இறுதியில் மாண்டார்; பிரான்சிலே ஹாங்கார் என்ற ஊரில் அவர் கல்லறை இருக்கிறது. எரோல் சந்தர் சென் 1917-இல் வீழ்த்தப்பட்டு ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். ஹர்தித் சிங் மாலிக், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த சீக்கியர். முதலில் பிரெஞ்சுக்காரரோடு ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டி, பிறகு விமானப் படையில் சேர்ந்து, தலைப்பாகையைக் கழற்ற மறுத்து, அதன் மேல் அணிவதற்கென்றே தனியாகத் தொப்பி செய்வித்துப் பறந்தவர். 1917 அக்டோபரில் குண்டடி பட்டும் பிழைத்து, காலிலே அந்தக் குண்டுகளோடு நீண்ட காலம் வாழ்ந்தார். சுதந்திர இந்தியாவின் தூதராகப் பாரிஸுக்கே போனார். தாம் போர் செய்த ஆகாயத்தின் கீழ், தம் சொந்த தேசத்தின் பிரதிநிதியாகப் போய் நிற்கும் பாக்கியம் அவர் ஒருவருக்குத்தான் கிட்டியது.

இந்திய விமானப் படை 1932 அக்டோபர் 8-ஆம் தேதி ஏற்பட்டது. அதன் முதல் விமானிகள் குழுவில் இருந்தவர், இந்திரலாலின் உறவினரான சுப்ரதோ முகர்ஜி. 1954-இல் அந்தப் படைக்குத் தளபதியான முதல் இந்தியர் அவரே. நம் தபால் இலாகா 1998 டிசம்பரில், இந்திரலால் பிறந்து நூறாண்டு நிறைந்ததை முன்னிட்டுத் தபால் தலை வெளியிட்டது. கல்கத்தாவில் பவானிபூர் பகுதியில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. இவை நல்ல காரியங்கள். ஆயினும் சாலைப் பெயரும் தபால் தலையும் பெயரைத்தான் சொல்லும். மோட்டார் சைக்கிளை விற்ற கதையையோ, குஜ்ரன்வாலாவையோ சொல்ல அவற்றில் இடம் போதாது.

ஆகையால் இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். வகுப்பில் 1918 என்ற ஆண்டுக்கு வரும்போது, கேடாவையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டின் அமிர்தசரஸையும் குஜ்ரன்வாலாவையும் எழுதுங்கள். அதே கரும்பலகையில் இந்திரலால் ராய், ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர், எரோல் சந்தர் சென், ஹர்தித் சிங் மாலிக் என்ற நான்கு பெயர்களையும் எழுதுங்கள். இவர்கள் யாருக்காகப் பறந்தார்கள் என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்வியை அடக்கிவிடாதீர்கள். பதில் சொல்ல ஒரு பாடவேளை போதாவிட்டால், மறுநாளும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.